முப்பத்தாறு அடுப்பு

மரக்காணம்,
4-3-73

என் மாமாவுக்கு அஞ்சம்மாள் எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம். புயலில் சுவர் விழுந்து ஒடிந்த அவள் கால் கூடிவிட்டது. கட்டைப் பிரித்துவிட்டார்கள், நடக்கிறாள். ஆனால் வீட்டுக்குள் படுக்கமாட்டேன் என்று அடம். இரண்டு பேரும் வாசலில்தான் படுக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதுங்கள்.

இங்கே பெரிய சேதி. புயலுக்கு வீடு விழாதபடி சுவருக்கு மேலே சுற்றிவரக் கம்பிப் பட்டை போட, அரசாங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு பங்கு சிமெண்டும் கம்பியும் தருகிறார்கள். வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். மெட்ராஸில் மாடி வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் கட்டிக் கொடுப்பீர்களே, அதே பட்டைதான். நமக்கும் உண்டு என்று இப்போதுதான் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

கணக்கெடுக்க வந்த ஆபீசர் ஒரு அடுப்புக்கு ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். விடியுமுன் உப்பு வாரப் போகிற தெரு நம்முடையது. நாலு வீட்டுக்கு ஒருத்தி ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சுவது அவருக்கு எப்படித் தெரியும்? முப்பத்தாறு வீடு ஒன்பதாகிப் போயிற்று. உப்பளத்து முதலாளி தேசப்பன் வீட்டிலோ சோற்றுக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்க ஒன்று. ஒரே வீடு மூன்று குடும்பமாகிவிட்டது. ஆத்திரத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மறுநாளும் அவர் ஊரில்தான் இருப்பார் என்று கேள்விப்பட்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காலையில் யாரும் அளத்துக்குப் போகவில்லை. விழுந்த சுவரின் செங்கல்லை எடுத்து ஆளுக்கொரு அடுப்பு கூட்டி, பச்சைச் சவுக்கு மிளாறை வைத்துப் பற்ற வைத்தோம். தெருவே புகை. ஆபீசர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, இது ஏமாற்று வேலை என்று கத்தினார். நான் விடவில்லை.

"கஞ்சியத்தாங்க ஒண்ணா காய்ச்சறோம். சுவரு ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தாங்க விழுந்துச்சு" என்றேன்.

விழுந்து கிடந்த சுவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தாறும் ஏறிவிட்டது, தேசப்பன் வீடு ஒன்றாகிவிட்டது.

மாமா, பாப்பா காலில் விழுந்த சுவர் நீங்கள் கட்டியது என்றுதானே பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் பட்டணத்துக்குப் போனீர்கள்? வேலைக்குப் போவதாகச் சொன்னீர்கள், நானும் நம்பியது போலவே இருந்தேன். அன்று தெருவில் நிற்காத சுவர்தான் அதிகம். பட்டை இல்லை, விழுந்தது. உங்கள் கை என்ன செய்யும்? பாப்பாவுக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. "அப்பா வந்து கட்டட்டும், நான் உள்ள படுத்துக்கறேன்" என்கிறாள்.

இந்தத் தெருவுக்குக் கம்பி கட்டத் தெரிந்த ஆள் யார் என்று ஆபீசர் கேட்டார். திண்டிவனத்திலிருந்து கொத்தனாரை அழைத்து வரலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, அத்தனை பேர் முன்னால் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இந்த வாய் உங்கள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபீசரும் எழுதிக்கொண்டார்.

பங்குனி பிறந்ததும் சிமெண்ட் வருகிறது. நான் சொன்ன பெயரைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
அஞ்சம்மாள்