புரோசார்ட் வாசலில் முதல் பொங்கல்

ஜனவரி 6
இத்தனை வருடம் வாடகை வீட்டு மின்அடுப்பில் பொங்கினோம். இந்த வருடம் கியூபெக்கில், புரோசார்ட் ஊரில் சொந்த வாசல். வெளியில்தான், விறகில்தான் பொங்கல். "இந்தக் குளிரில பால் பொங்காது, உறையும்" என்கிறார் இவர். பேரின்பநாதன் என்று பெயர் வைக்கமுதல் மாமி இவரோடு கொஞ்சம் கதைத்துப் பார்த்திருக்கலாம்.

ஜனவரி 8
பக்கத்து வீட்டு மிசியூ பெலான்ஜே இன்றும் என் பொன்ஜூர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. "மனுசனுக்குக் காது கேக்காது போல" என்றார் இவர். நாயோடு மட்டும் நன்றாகக் கதைக்கிறாரே!

நாங்கள் குடிவந்த அன்று சாமான் லொறியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னும் எத்தனை பேர் வரப்போறீங்கள்?" மூன்று பேர்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பெட்டி தூக்கும்போதுதான் விளங்கியது, அவர் எங்கள் வீட்டை மட்டும் கேட்கவில்லை, எங்கட ஆக்கள் எல்லாரையும்தான் என்று. விசர் வந்தது. இப்பவும் வருது. எவ்வளவு காலமா வரி கட்டுறம், இன்னும் எங்களை எண்ணிக்கொண்டோ இருக்கினம்? இந்த வாசலில் பொங்கினால் மனுசன் என்ன சொல்லுமோ.

சொல்லட்டும். பொங்குவேன்.

ஜனவரி 11
மகள் அஜந்தாவுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டுரை: அமெரிக்காவில் வந்தேறிகளை வெறுத்த வரலாறு. சாப்பாட்டு மேசையில் எங்களுக்கும் வகுப்பு. ஐரிஷ்காரரைத் திட்டினார்களாம். சீனருக்குச் சட்டம் போட்டே கதவை அடைத்தார்களாம். பிறகு இத்தாலியர். நேற்றுத் திட்டு வாங்கியவரின் பிள்ளைகளே இன்று வருகிறவரைத் திட்டுவார்களாம். "பஸ்ஸில ஏறினவுடன, இடமில்லை, பஸ்ஸை எடு எண்டு கத்துறவன் மாதிரி" என்றார் இவர். சிலவேளை நன்றாகத்தான் கதைப்பார்.

பிறகு அஜந்தா சொன்னதுதான் புதினம். கியூபெக்கிலிருந்து அங்கே நெசவாலை வேலைக்குப் போன பிரெஞ்சுக்காரருக்கும் அதே கதிதானாம். 'கிழக்கு மாநிலங்களின் சீனர்' என்று அரசாங்க அறிக்கையிலேயே எழுதினார்களாம். வெள்ளை முகமூடி போட்ட இனவெறிக் கூட்டத்தார் அவர்களின் ஊர்களில் சிலுவை கொளுத்தினார்களாம்.

"வெள்ளையை வெள்ளையோ?" என்று கேட்டேன்.

"அம்மா, அப்ப அவையை ஆர் வெள்ளை எண்டு எண்ணினது?"

ஜனவரி 13
பானை, இஞ்சி இலை, மூன்று கல், எல்லாம் தயார். இவர் டொராண்டோவிலிருந்து சீனவெடியும் எடுப்பித்திருக்கிறார். வேண்டாம் என்றேன். "வெடி இல்லாமப் பொங்கலோ?" நாளை பொலிஸ் வந்தால் இவரைத்தான் காட்டிக்கொடுப்பேன்.

ஜனவரி 14
சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பனி வழித்து, மாக்கோலம் போட்டு, அடுப்பு மூட்டினோம். சூரியன் வந்தது. பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது! இவர் வெடியைக் கொளுத்தினார். முதல் வெடிக்கே பெலான்ஜேயின் கதவு திறந்தது. இரவு உடுப்பு, செருப்பில்லாத காலில் வெறும் மேசு, கையில் தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டர். நாங்கள் வாய் திறக்கமுதல் அடித்துவிட்டார். பானை, நான், இவரின் மீசை — எல்லாம் ஒரே வெள்ளைத் தூள்.

"ஐயோ, என்ர முதல் பொங்கல்!" தமிழில்தான் கத்தினேன். பிறகுதான் அவரைப் பார்த்தேன். அணைந்த நெருப்புக்கும் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை, பயம். பனியில் மேசோடு நிற்கிற மனிதனை என்ன செய்வது? உள்ளே கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்தேன்.

அவரின் அப்பா அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓர் ஆலை ஊரில் பிறந்தவராம். சின்ன வயதில் வீட்டுக்கு எதிரே மேட்டில் சிலுவை எரிந்ததைப் பார்த்தவர். கியூபெக்குக்குத் திரும்பிய பிறகும் சாகும்வரை கதவடியில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தாராம். மகனிடம் வாளி சிலிண்டராகிவிட்டது.

"அங்க உங்கட ஆக்களை என்ன சொல்லித் திட்டினவை?" என்று அஜந்தா கேட்டாள்.

"திட்டினதெல்லாம் அப்பா சொல்லமாட்டார். ஒரு கேள்வியைத்தான் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவார்: இன்னும் எத்தனை பேர் வரப்போறீங்கள்?"

சொன்ன கையோடு காது வரை சிவந்துவிட்டது. "மதாம், அண்டைக்கு நான் உங்களிட்ட…" என்று தொடங்கினார், முடிக்கவில்லை. பாவமாக இருந்தது. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ என்று கேட்டேன்.

இரண்டாம் பானை மின்அடுப்பில்தான். மனிதர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். "பால் பொங்கின பிறகுதானே அடிச்சவர், குறையில்லை" என்கிறார் இவர், மீசையைத் துடைத்தபடி.

ஜனவரி 15
இன்று பொன்ஜூரை அவரே முதலில் சொன்னார். நான்தான் பதட்டத்தில் "வணக்கம்" என்றுவிட்டேன்.

ஜூன் 24
கியூபெக்காரரின் சென்-ஜான் திருநாள். நெருப்பு வளர்த்துக் கொண்டாடுவார்கள். பெலான்ஜே இதுவரை கிட்டப் போனதே இல்லையாம். காலையில் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"இண்டைக்குப் பின்வளவில நெருப்பு மூட்டப்போறன், மதாம் ஞானா. எத்தனை பேர் வருவீங்கள்?"

கேட்டபிறகுதான் அவருக்கே உறைத்தது. எனக்கும்தான். இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"நாங்கள் மூண்டு பேர். தங்கச்சி குடும்பமும் டொராண்டோவில இருந்து வந்து நிக்குது."

"அப்ப சோளம் காணாது" என்று கடைக்கு ஓடினார்.

பின்னேரம் நெருப்புக்குச்சியை அவரே உரசினார். இரண்டு குச்சி வீணானது, ஆனால் மூட்டிவிட்டார். இவர் அந்தச் சிவப்புச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மீசைக்குப் பழிவாங்கச் சந்தர்ப்பம் வருமா என்று பக்கத்திலேயே நின்றார். கடைசிவரை வரவில்லை.