படிக்காமல் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஆறு மாநிலத்துப் பெற்றோர்கள் என் லுங்கியைப் பார்த்துவிட்டார்கள்.

மாலுவின் பள்ளிக்கூடம் மாதம் ஒருமுறை ஜூமில் பெற்றோர் கூட்டம் வைக்கும். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கி. இடுப்புக்குக் கீழே கேமராவுக்குத் தெரியாது என்கிற தைரியம். பால் பொங்கும் சத்தம் கேட்டதும் தைரியத்தை மறந்து எழுந்து ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கூட்டம் நடத்தும் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ்டர் சேனாபதி, உங்கள் மகள் உழைக்கிறாள், நீங்களும் உழைக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். என் மனைவி வசந்தாமணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

மாலு, அதாவது மாளவிகா, எங்கள் ஒரே பெண். பதினாறு வயது. டிசம்பரிலிருந்து யூட்டாவில் மலைக்கு நடுவே இருக்கிறாள். மனசு சரியில்லாத பிள்ளைகளைத் தங்கவைத்து, தெரபி கொடுத்து, பாடமும் நடத்துகிற இடம் என்று சொன்னார்கள். இங்கே டெக்சாஸ் பிளானோவில் அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாடு ரூமுக்குள், கதவு சாத்தியே இருக்கும். நவம்பரில் ஒருநாள் அவள் நோட்டில் வசந்தாமணி ஒரு வரியைப் படித்தாள். நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. வசந்தாமணியின் ஆபீஸ் நண்பர் சபரிநாதன்தான் அந்தப் பள்ளியின் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் குதிரைப் படம்.

சேர்க்கைப் பாரம் இருபத்திரண்டு பக்கம். கையெழுத்து போடவேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். நான் ஸ்டிக்கரைப் பார்த்தேன், பக்கத்தைப் பார்க்கவில்லை. போன் கிடையாது, லீவுக்கு வர முடியாது, வீட்டுக்கு வாரம் ஒரு போன் கால்தான் என்று மேடம் வாயால் சொன்னபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஊரில் பிளஸ் டூவுக்கு ஹாஸ்டல் பள்ளியில் போட்டால் இதேதானே? "நாங்க பாக்காத ஹாஸ்டலா" என்று சிரித்துக்கொண்டே போட்டேன். டிப்ளமோவில் மூன்று அரியர் வைத்தவன் என்றாலும் இங்கிலீஷ் கையெழுத்து மட்டும் கலெக்டர் மாதிரி இருக்கும்.

பள்ளி ஆட்கள் அவளைக் கூட்டிப்போன காலையைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாராந்திரக் கால். பத்து நிமிடம். அவள் பக்கத்தில் ஒரு ஊழியர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் இங்கிலீஷ் மட்டும்தான் பேசவேண்டும் என்று சட்டம். மாலுவுக்கு அதில் கஷ்டமில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

இன்று பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி பேசினாள். நான் என் தவறுகளுக்குப் பொறுப்பேற்கிறேன். நான் என் லெவலில் உழைக்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்திருப்பாள். பிறகு, "ஃபுட்" என்றாள்.

பிரிட்ஜ் கதவில் பள்ளி கொடுத்த ஒரு தாளை வசந்தாமணி ஒட்டியிருக்கிறாள். உங்கள் பிள்ளை என்னவெல்லாம் சொல்லும் என்று ஒரு பட்டியல். என்னைக் கூட்டிப்போ என்று கெஞ்சும். இங்கே கொடுமை என்று சொல்லும். நம்பாதீர்கள், எல்லாம் நாடகம். இதில் எதையுமே அவள் சொல்லவில்லை, ஃபுட் என்றுதான் சொன்னாள். அது பட்டியலில் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

பஸ்ஸில் ஒரு பிங்க் தொப்பி கிடைத்தது, பத்தாவது வரிசை. நான் ஓட்டுவது ஸ்கூல் பஸ். டிரிப் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே குனிந்து பார்த்து, பின்னால் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பஸ் அலறி ஊரைக் கூட்டும். பதினோரு வருஷமாக ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. இதற்காக எனக்கு ஒரு சர்டிபிகேட்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, சனி

இந்தியன் ஸ்டோரில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது சபரிநாதனின் மகள் ரோஷினி வந்தாள். காலேஜ் முடித்து வேலைக்குப் போகிறாள். ஆறு வருஷத்துக்கு முன் அவளும் இப்படி ஒரு இடத்தில் இருந்தவள். 'என் பொண்ணைப் பாருங்க, எப்படி மாறிட்டா' என்று சபரிநாதன் காட்டுகிற ஆளே அவள்தான்.

"அங்கிள், மாலு எந்த லெவல்ல இருக்கா?"

"ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு இறக்கிட்டாங்களாம்மா. ஏன், பாடம் கஷ்டமோ?"

ரோஷினி கூடையைக் கீழே வைத்தாள். "லெவல் ஒன்னுன்னா யார்கூடயும் பேசக்கூடாது அங்கிள். சுவரைப் பாத்து உக்காரணும். பாத்ரூம் போகப் பர்மிஷன் கேக்கணும். குரூப்ல நடுவுல உக்கார வச்சு மத்த பிள்ளைங்கள விட்டே திட்ட வைப்பாங்க. அழுதா ஃபேக்கிங்னு சொல்லுவாங்க, அழலைன்னா ஹைடிங்னு சொல்லுவாங்க."

"உங்கப்பா நீ நல்லா ஆயிட்டேன்னு..."

"வீட்டுக்கு வந்தும் ஒரு வருஷம் பாத்ரூம் போக எங்கம்மாகிட்ட பர்மிஷன் கேட்டேன் அங்கிள். அதை அப்பா மரியாதைன்னு நினைச்சாரு."

முருங்கைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வசந்தாமணி சாம்பாருக்கு என்ன போட்டாள் என்று ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை ஓடலை.

கால் வந்தது. ஒன்பது நிமிஷம் அதே ஒப்பித்தல். பை சொல்லுகிற நேரத்தில், பதினாறு வருஷத்தில் எனக்குத் தமிழில் பதில் சொல்லாத பிள்ளை – "அப்பா, நீ வா. எனக்கு இங்க வேணாம். நீ மட்டும் வா–"

கட்.

திருப்பிப் போன் அடிச்சேன். எடுக்கலை. பதினாலு தடவை அடிச்சேன். எடுக்கலை.

பிப்ரவரி 17, திங்கள்

தெரபிஸ்ட் என்கிறவர் கூப்பிட்டார். மாலு ரகசிய பாஷையில் பேசி விதியை மீறிவிட்டாளாம். மூன்று வாரம் கால் கிடையாது. ரகசிய பாஷையா! பஸ் டிப்போவில் நான் எட்டு பேரோடு பேசுகிற பாஷை. "அது அவள் தாய்மொழி சார்" என்றேன். "இதைத்தான் நாங்கள் மேனிபுலேஷன் என்கிறோம்" என்றார்.

வசந்தாமணியிடம் சொன்னேன், கூட்டிவரப் போகிறேன் என்று.

"ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா? அந்தத் தாள்ல அப்படியே இருக்குதே, கூட்டிட்டுப் போகச் சொல்லும்னு!"

"உன்னையப் புடிச்சுக் கிணத்துல போட்டா நீ என்ன கத்துவே மணி? அதையும் முன்னாடியே எழுதி ஒட்டிட்டா, கத்தறது பொய்யாயிடுமா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். "கூட்டிட்டு வந்து அவ ஏதாச்சும் பண்ணிக்கிட்டா? நீங்க பஸ்ஸு ஓட்டப் போயிருவீங்க. நான் கதவுக்கு வெளிய நிப்பேன். அந்த நோட்டைப் படிச்சது நானுங்க. நீங்க இல்லை."

பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பயத்தை வெளியூரில் தங்கவைத்துவிட்டு நாம் இங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தோமே, அதுதான் தப்பு.

பிப்ரவரி 23, ஞாயிறு

கால் இல்லாத ஞாயிறு. இருபத்திரண்டு பக்கத்தையும் எடுத்துப் போனில் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். நாலரை மணி நேரம். ஒன்பதாம் பக்கம்: கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். பதினொன்று: ஓடாமல் இருக்க ஷூவை வாங்கிவைப்பார்கள். பதினான்கு: தேவைப்பட்டால் பிடித்து அமுக்குவார்கள். எல்லாவற்றுக்கும் கீழே கலெக்டர் கையெழுத்து.

வசந்தாமணி எதிரே உட்கார்ந்து நான் படித்துவைத்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். பதினான்காவதை ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

சபரிநாதன் வீட்டுக்கே வந்தார். "அவசரப்படாதீங்க ஜி. பாதியில நிறுத்தினா எல்லாம் வேஸ்ட். பத்து வருஷம் கழிச்சு அவளே தேங்க்ஸ் சொல்லுவா."

"ரோஷினி சொல்லிட்டாளா ஜி?"

காபியைக் குடிக்காமல் போய்விட்டார். நல்ல மனிதர்தான். அவர் பெண்ணிடம் அவர் கேட்டதே இல்லை, அவ்வளவுதான். நான் மட்டும் என்ன, கேட்டேனா?

மார்ச் 8, சனி

பள்ளிகளுக்கு ஸ்பிரிங் பிரேக் லீவு. பஸ் ஓடாது. யூட்டாவுக்குப் போகக் காலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கப்போனால் முன் சீட்டில் வசந்தாமணி. மடியில் புளிசாத டப்பா, காலடியில் மாலுவின் பூட்ஸ்.

"நீங்க தனியாப் போனா ஹைவேல தூங்கிருவீங்க" என்றாள். நியூ மெக்சிகோ போய்ச் சேர்வதற்குள் புளிசாதம் தீர்ந்தது.

மார்ச் 10, திங்கள்

பள்ளி ஆபீஸில், முன்கூட்டியே சொல்லாமல் வரக்கூடாது என்றார்கள். வந்துவிட்டேன் என்றேன். தெரபிஸ்ட் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இருக்கட்டும் என்றேன். குழந்தையின் முன்னேற்றம் கெட்டுவிடும் என்றார்கள். குழந்தை எங்கே என்றேன். எனக்கு இங்கிலீஷ் கம்மி என்பது இன்று ரொம்ப உபயோகமாக இருந்தது. நாலு வார்த்தைக்கு மேல் தெரியாதவனோடு எவ்வளவு நேரம் வாதாட முடியும்?

கடைசியில் ஆபீஸ் அம்மாள் ஒருத்தி ஒரு பாரத்தைக் கொண்டுவந்தாள். பள்ளியின் ஆலோசனையை மீறி அழைத்துப்போகிறோம், என்ன நடந்தாலும் எங்கள் பொறுப்பு என்று ஐந்து பக்கம். இதிலும் மஞ்சள் ஸ்டிக்கர். ஸ்டிக்கரையெல்லாம் உரித்து மேஜை ஓரத்தில் ஒட்டிவைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு மணி பத்து நிமிடம். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தாள். "உங்களுக்கு உதவி வேண்டுமா?" என்றாள். "போன தடவைதான் தேவைப்பட்டுச்சு" என்றேன். தமிழில்தான்.

அவள் பயமுறுத்தினாளா, உண்மையைச் சொன்னாளா தெரியாது – "ஒரு மாதத்தில் உங்கள் மகளுக்கு ஏதாவது ஆனால் எங்களைக் குறை சொல்லாதீர்கள்" என்றாள். வசந்தாமணி எழுந்து நின்றாள். ஆபீஸில் முப்பது பேரை வேலை வாங்குகிற குரல் வந்தது. "மூன்று மாதத்தில் உங்களிடம் ஆனதற்கு யாரைக் குறை சொல்வது? அதையும் இதில் எழுதுங்கள்." எழுதவில்லை.

கையெழுத்தைத் தமிழில் போட்டேன். ப. சேனாபதி. இது என்ன என்று கேட்டார்கள். என் பேர் என்றேன்.

மாலுவைக் கூட்டிவந்தார்கள். வெளியே முழங்கால் அளவு பனி. அவள் காலில் ரப்பர் செருப்பு. எங்களைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. கூட வந்த ஊழியரைத் திரும்பிப் பார்த்தாள், நடக்கலாமா என்று.

வசந்தாமணி பனியில் மண்டி போட்டு பூட்ஸை மாட்டிவிட்டாள். லேஸ் கட்ட அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

மார்ச் 13, வியாழன்

"மே ஐ ஹாவ் வாட்டர்?" இன்று மட்டும் ஆறு தடவை. அவள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு.

மாத்திரை, கத்தி, பிளேடு எல்லாம் என் டூல்பாக்ஸில். சாவி என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போது சத்தம் போடுகிறது. இங்கேயே ஒரு டாக்டரம்மா வாரம் இருமுறை பார்க்கப்போகிறார். இன்று முதல் தடவையிலேயே மாலுவிடம், "உங்கள் அப்பா அம்மா உள்ளே இருக்கட்டுமா, வெளியே இருக்கட்டுமா?" என்று கேட்டார். மாலு யோசித்து, "வெளியே" என்றாள். வெளியே உட்கார்ந்திருந்தோம். அவளை ஒருவர் இப்படிக் கேட்டதே எனக்குப் போதும்.

மார்ச் 26, புதன்

மோசமான நாள். பகல் முழுக்கப் போர்வைக்குள். வசந்தாமணி லீவு போட்டுவிட்டு அந்த அறையிலேயே தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று யாரையும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்து ஆரஞ்சு ஜூஸை டப்பாவோடு வாயில் வைத்துக் குடித்தாள். திட்டுவதற்கு வசந்தாமணி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நான் அவள் காலை மிதித்தேன்.

மே 4, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்தில் பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு கூட்டம். குதிரைப் படப் புத்தகங்கள் மேஜையில் அடுக்கியிருந்தன. கேள்வி கேட்கலாம் என்றதும் மைக்கைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மாலு சொல்லலாம் என்று சொன்னதையெல்லாம் சொன்னேன். லுங்கிக் கதையில் ஆரம்பித்தேன், சிரித்தார்கள். மஞ்சள் ஸ்டிக்கரைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன், ரப்பர் செருப்பைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "மனசு சரியில்லைன்னா டாக்டர்கிட்ட போங்க. பக்கத்துல உக்காருங்க. உங்க பிள்ளை தமிழ்ல பேசினா போனைக் கட் பண்ற எடத்துல மட்டும் விட்டுட்டு வராதீங்க" என்றேன். டைம் ஆச்சு என்று ஒருவர் மைக்குக்குக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. முடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கடைசி வரிசையில் ரோஷினியும் மாலுவும். சபரிநாதன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். போகும்போது மேஜைப் புத்தகத்தில் நான்கை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது டோல்வே ரோட்டில் மாலு பின் சீட்டிலிருந்து சொன்னாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷில். "எவ்ரிதிங் சொல்லிட்டே அப்பா. அந்த டூ மென் வந்து என்னை எடுத்துட்டுப் போன மார்னிங், நீ பஸ்ஸுக்குப் போயிட்டே, இல்ல? நீ இருந்திருந்தா அவங்களை ஸ்டாப் பண்ணியிருப்பே."

வசந்தாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினேன். மாறவேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை, மாலு. கராஜில் இதே காருக்குள், ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அப்பா என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டாவது தடவைதான் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.