கருப்பர் குடித்தால் யார் ஓட்டுவது

ஆடி 5, திங்கள்

வாப்பா நோட்டு, நல்லா இருக்கியா? பத்து நாளாக உன்னைத் தொடவில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறவன் நான், பொறுத்துக்கொள்.

வெயில். ஆடிக் காற்று. வேன் முழுக்கப் புழுதி. செய்ய வேண்டியது: ஆயில், வைப்பர் ரப்பர், பின் சீட்டுத் தையல். (போன வாரக் கல்யாண டிரிப்பில் ஒருத்தர் மடியில் சேவலோடு வந்தார். அது சீட்டைக் கொத்திப் பஞ்சை எடுத்துவிட்டது. இறங்கும்போது, “சேவலுக்கும் சேத்தா வாடகை?” என்றார். அந்தக் கதை இருக்கட்டும்.)

முடக்கி வைத்த லைசென்ஸ் திரும்ப வந்து ஒரு மாதம். அது இல்லாத ஆறு மாதமும் கருவேலம் வெட்டப் போனேன். உள்ளங்கையில் இன்னும் முள்.

போன ஆடியில் நடந்ததை உன்னிடம் எழுதவில்லை. வெட்கம். நாச்சியாபுரம் தாண்டி எங்கள் பங்காளிகளின் கருப்பர் கோயில். நான்தான் சாமியாடி. கிடா வெட்டு, படையல், பிராந்தி. அருள் வந்ததும் கருப்பர் குடிப்பார், என் வாய் வழியாக. அருள் மலையேறியதும் வெறும் தண்ணீர் குடித்தவன் மாதிரி எழுந்து, பங்காளிகளை ஏற்றிக்கொண்டு வேனை எடுப்பேன். இருபது வருடமாக அப்படித்தான். போன வருடம் மத்தியானமே ரோட்டில் போலீஸ். ஊதச் சொன்னார்கள். மிஷின் கத்தியது.

“யாருய்யா குடிச்சது?”

“நான் இல்ல சார். சாமி.”

“அப்ப சாமியோட லைசென்ஸ எடு.”

வேனில் இருந்த பங்காளிகளே சிரித்தார்கள்.

ஆடி 8, வியாழன்

காரைக்குடி. வைப்பர் ரப்பர் கிடைத்தது, தையல்காரர் இல்லை. கேஸ் பார்த்த வக்கீலின் குமாஸ்தாவைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“சாமி குடிச்சா சட்டத்துல ஏதும் சலுகை இருக்காண்ணே?”

“ரத்தம் ஒன் ஒடம்புலதான ஓடுது? நூறு மில்லி ரத்தத்துல முப்பது மில்லிகிராம் தாண்டக்கூடாது. யாரு ஊத்துனான்னு மிஷின் கேக்காதுப்பா.”

சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்:

முதல் தடவை: ஆறு மாதம் வரை ஜெயில், இல்லாவிட்டால் பத்தாயிரம் வரை அபராதம், இல்லாவிட்டால் ரெண்டும். எனக்கு மார்கழியில் தீர்ப்பு: அபராதமும் ஆறு மாத லைசென்ஸ் முடக்கமும்.

மறு தடவை: ரெண்டு வருடம் வரை ஜெயில். அபராதம் பதினைந்தாயிரம் வரை. லைசென்ஸ்? “அத மறந்துரு.”

வேறு தொழில் தெரியாது. முடிவு: படையல் அன்று குடித்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. அடிக்கோடு ரெண்டு.

ஆடி 12, திங்கள்

தூறல். கொடியில் துணி நனைந்து பாக்கியத்திடம் (வீட்டுக்காரி) திட்டு. சோணை அண்ணன் வந்தார். பங்காளிகளில் மூத்தவர், கோயில் காரியம் அவர் கையில்.

“வெள்ளிக்கெழம படையலுக்குப் பதினெட்டுப் பேரு. வெரசா வண்டிய கொண்டாந்துரு.”

“போக ஓட்டுறேண்ணே. திரும்பி ஓட்ட மாட்டேன். வேற டிரைவரு பாருங்க.”

“கருப்பரு குடிக்கிறது ஒனக்கு எப்படிடா ஏறும்? அப்ப இம்புட்டு வருசமா நடிச்சியா?”

குத்திவிட்டது. மிஷின் கத்திய நாளிலிருந்து எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பதை அவர் சத்தமாகக் கேட்டுவிட்டார்.

“நம்பிக்கை இல்லாதவன் கையில அருவா எதுக்கு? எந்தம்பி மகன் ஆடட்டும்.”

“அருவாள வேணும்னா கருப்பரு வாங்கிக்கிறட்டும். லைசென்ஸ நான் விட மாட்டேண்ணே.”

கடைசியில் டிரைவருக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் போனார்.

பாக்கியம்: “அவுக ஏற்பாடு பண்ண மாட்டாக. எழுதி வச்சுக்கங்க.”

எழுதி வைத்துவிட்டேன்.

ஆடி 16, வெள்ளி

விடிந்தும் மேகம். குளித்தாயிற்று. அண்டா, மாலை, பாட்டில், அரிவாள், ஆட்கள் எல்லாம் ஏறியாயிற்று. டிரைவர் மட்டும் இல்லை. “அங்குட்டு வந்துருவான்டா” என்கிறார் சோ. அண்ணன். பார்ப்போம்.

ஆடி 17, சனி

உடம்பெல்லாம் வலி. வெயில்.

டிரைவர் வரவில்லை. “நீயே மெதுவா ஓட்டிரு. கம்மாக்கரை வழியா போனா ஒரு பய மறிக்க மாட்டான்” என்று சோ. அண்ணன் சொன்னது வரை ஞாபகம். உறுமி அடித்தார்கள். அப்புறம் ஞாபகம் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பாக்கியம் சொன்னது: பூசாரி பாட்டிலை நீட்டியதும் கருப்பர் வாங்கவில்லையாம். “எங்கடீ சாவி?” என்று அவளை அதட்டினாராம். என் சட்டையைக் கையில் வைத்திருந்தவள் பயந்து போய் வேன் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நேரே போய் உண்டியலுக்குள் போட்டுவிட்டாராம். அதற்குப் பிறகுதான் பாட்டில். சொட்டு மிச்சமில்லை.

வேனுக்கு வேறு சாவி கிடையாது. உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. ஒன்றின் சாவி சோ. அண்ணனிடம், இன்னொன்று திருப்பூர்ப் பங்காளியிடம், அவர் படையலுக்கு வரவில்லை. பதினெட்டுப் பேரும் கறிச் சட்டியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம், மூன்று கிலோமீட்டர்.

“சாமியே ஓட்ட வேணாம்னுருச்சு. இனி யாரு வாயத் தொறக்குறது?” என்று ஒருத்தி சொல்ல, சோ. அண்ணன் சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு விட்டார்கள்.

நாளைக்கு வளைகாப்பு டிரிப். வேன் கோயிலில் நிற்கிறது, போக முடியாது என்று சொல்லிவிட்டேன். வருத்தமில்லை.

காலையில் தோசைக் கரண்டியோடு நின்று பாக்கியம் கேட்டாள். “நெசத்தச் சொல்லுங்க. சாவியப் போட்டது கருப்பரா, நீங்களா?” சிரித்து மழுப்பினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உறுமிச் சத்தம் ஏறும்போது வழக்கமாக முதுகுத்தண்டில் ஒரு குளிர்ச்சி வரும். நேற்றும் வந்தது. ஆனால் அது வந்தது சாவியைக் கேட்பதற்கு முன்னாலா பின்னாலா என்றால்

வாசலில் சோ. அண்ணன். “ராக்கு! திருப்பூர்க்காரன் வந்துட்டான், வாடா, உண்டியலத் தொறக்கணும்!” இதோ போகிறேன். சொல்லிவிட்டே போகிறேன், அவள் அந்தச் சாவியை என் கையில் வைத்தபோது நான்