சுரைப்பிஞ்சும் வாணியின் விரலும்

19 ஜூலை 2009, ஞாயிறு. செம்மண்டலம்

வாணியும் நானும் கொல்லையில் சுரை விதை ஊன்றினோம். எனக்கு இரண்டாம் மாதம், குனியக் கூடாது என்று வாணியின் அப்பா ஒரே கத்தல். குழி தோண்டியது, எருப் போட்டது எல்லாம் வாணிதான். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள் பேச்சைப் பார்க்கணும். "தம்பி பொறக்கறதுக்குள்ள காய்ச்சிடுமாம்மா?" தம்பிதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

27 ஜூலை

முளைத்தாச்சு. பல் துலக்காமலே ஓடிப்போய்ப் பார்க்கிறாள்.

6 செப்டம்பர்

முதல் பிஞ்சு, சுண்டுவிரல் அளவு. வாணி விரல் நீட்டப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். "பிஞ்ச வெரல் நீட்டிக் காட்டக்கூடாதுடி, வெம்பிப் போயிடும். மடக்கிக் காட்டு." மங்கலம்பேட்டையில் அம்மா எனக்குச் சொன்னது. மடக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா வந்தபோது, என் வயிற்றுப் பக்கம் விரலை நீட்டி, "எங்க தம்பி இதுக்குள்ளதான் இருக்கான் பெரியம்மா" என்றாள். ஒரே சிரிப்பு.

14 செப்டம்பர்

போயிடுச்சு.

22 செப்டம்பர்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள். செடிக்கு லோகநாயகி அக்காதான் தண்ணீர் விட்டிருக்கிறார். அந்த முதல் பிஞ்சு முழங்கை நீளத்துக்குத் தொங்குகிறது. இது மட்டும் எப்படி வளருது? பார்க்கவே பிடிக்கல. வாணியும் கொல்லைக்கு வருவதில்லை.

5 அக்டோபர்

வாணியின் டீச்சர் கூப்பிட்டிருந்தார். "எழுத்துக்கு அடியில வெரல் வெச்சுப் படின்னா கைய மூடிக்கிறா. ஏன்னு கேட்டா அழறா."

மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு: "சொரக்காய மடக்கிக் காட்டினேன், நல்லா வளந்துச்சு. தம்பிய வெரல் நீட்டிக் காட்டிட்டேம்மா."

ஐயோ. இத்தனை நாளா இத நெஞ்சுல வெச்சிக்கிட்டா இருந்தா? நான் படுத்து அழுதுக்கிட்டே கெடந்தேன், அவளப் பாக்கலியே. "உன்னால இல்லடா கண்ணு" என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

6 அக்டோபர்

கொடியில் புதிதாக ஐந்து பிஞ்சு. மூன்றை விரல் நீட்டிக் காட்டுவது, இரண்டை விட்டுவிடுவது, என்ன ஆகிறது பார்க்கலாம் என்றேன். முதலில் நான் நீட்டினேன். உண்மையை எழுதணும் — எனக்கே விரல் மடங்கியது. வாணி கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினாள். காட்டிய மூன்றுக்கும் காம்பில் சிவப்பு நூல் கட்டினோம்.

மூன்றும் விழுந்துவிட்டால்?

9 அக்டோபர்

மழை. சிவப்பு நூல் பிஞ்சு ஒன்று விழுந்துவிட்டது. வாணி சாப்பிடவில்லை. நான் ஏன் இதை ஆரம்பித்தேன்?

11 அக்டோபர்

காலையில் வாணி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். நூல் கட்டாத பிஞ்சு ஒன்று கறுத்துக் கீழே கிடந்தது.

"இத யாருமே காட்டலியேம்மா."

"ஆமாடா. யாரும் காட்டல."

"அப்ப தானா விழுந்துடுச்சா?"

"தானாதான்."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி போனதற்கு என் முன்னால் அவள் அழுதது இன்றுதான். நானும் அழுதேன்.

25 அக்டோபர்

சிவப்பு நூல் கட்டிய சுரைக்காயில் கூட்டு வைத்தேன். நூலை வாணி அவிழ்த்துப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்துக்கு அடியில் விரல் வைத்து ஒரு பக்கம் வாசித்தாள்.