இரண்டாவது மாடியில் வரும் போன்

ஞாயிறு, இரவு

பெரியப்பா அடுத்த மாதம் கப்பல் சுற்றுலா போகிறார். நடுக்கடலில் கயிற்றேணி வழியாகப் படகில் இறங்கித் தீவில் மலையேறும் பயணத்துக்கும் பெயர் கொடுக்கிறாராம். வயது அறுபத்தெட்டு. "மைன்ஸ்ல முப்பது வருசம் மெஷின் மேல ஏறி எறங்கனவன்டா நானு" என்கிறார்.

எனக்குச் சந்தேகம். எங்கள் குவார்ட்டர்ஸ் மூன்றாவது மாடி. அவர் வரும்போதெல்லாம் இரண்டாவது மாடியில் தவறாமல் ஒரு போன் வந்துவிடுகிறது.

இன்று மாலை மேலிருந்து எட்டிப் பார்த்தேன். "பேசிக்கினு இருக்கேன், வந்துடறேன்" என்று கைகாட்டினார். உடனே அவர் நம்பருக்கு அடித்தேன். காதில் வைத்திருந்த போன் அலறியது. அவர் கப்பலேறும் முன்பே அவர் மானம் கப்பலேறிவிட்டது.

நான்தான் சிரித்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன்கிட்ட சொல்லிடாதடா."

அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த மலையேற்றப் பயணத்துக்கான விண்ணப்பத்தை நிரப்புவது நான். 'மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா?' என்ற கேள்வி வந்ததும், "இல்லன்னு போடு" என்றார் பெரியப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

"நாளைக்கும் வாங்க பெரியப்பா. போனை மட்டும் வூட்லயே வெச்சுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

வருவாரா, தெரியவில்லை.