டேங்க் மூடியில் வழிந்த கறை

பேர்லேண்ட்,
20.10.1991

கண்ணு முகிலா,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகம் நீயாக வாய் திறந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வான்மதி எழுதுகிறாள். பள்ளியை விட்டபிறகு யாரோடும் பேசுவதில்லை, எழுத்து மட்டும் குண்டு குண்டாக அழகாக வருகிறது. நீ அமெரிக்கப் பட்டாளத்துக்குப் போகும்போது பாதியில் விட்ட பிளாஸ்டிக் பொம்மை டேங்கை அப்பா ஒட்டி முடித்துவிட்டார். பாலைவனத்திலிருந்து உன் டேங்கைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதை கராஜ் சுவரில் ஒட்டிவைத்து, அதிலுள்ள அடியெல்லாம் இதிலும் வர வேண்டும் என்று ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். குண்டு பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கை உள்பக்கம் சுரண்டி மெலிசாக்கி, சூடு காட்டிய ஊசியால் குத்துவார். விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்தால் பெயிண்ட் போன இரும்பு மாதிரியே இருக்கிறது. புழுதிக்கும் புகைக்கும் சாக்பீஸ் பொடி. காசு கொடுத்து வாங்கின வண்டியை உக்காந்து அழுக்காக்குற ஆளை இங்கதான் பாக்கறேன் என்றேன். அழுக்கு சும்மா வராது அம்மிணி, எது பட்டுச்சோ அந்த நெறத்துலதான் வழியும் என்றார்.

படத்தில் மேல் மூடிக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு கறை வழிந்திருக்கிறது. அதை மட்டும் அவர் செய்யவில்லை. எண்ணெயா துருவா, நீ சொன்னால்தான் நிறம் கலக்க முடியும் என்று உன்னை ஃபோனில் கேட்டுப் பார்த்தார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். ஆயுத பூஜையன்று கார், கம்ப்யூட்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன், உன் டேங்குக்கு வைக்காமல் இருப்பேனா. பொடிக்கு மேல் இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லையாம், எனக்கென்ன தெரியும். ஈரச் சந்தனம் குங்குமத்தையும் கரியையும் இழுத்துக்கொண்டு அந்த மூடியோரமாகவே வழிந்து காய்ந்துவிட்டது. துடைக்கத் துணி எடுத்தேன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒரே நிறம். பிரஷ்ஷைக் கழுவி வைத்தவர் அதற்குப் பிறகு கராஜுக்குள் போகவில்லை, காரைக்கூட வெளியிலேயே நிறுத்துகிறார்.

உன் டேங்கில் அந்த மூடிக்குள் நிற்பது உன் கூட்டாளி ஆட்ரியன் என்று நீதான் சொல்லியிருந்தாய். நீ பேசும்போது ஃபோனைப் பிடுங்கி, மம்மி, மோர் முறுக்கு என்று சிரிப்பான். இங்கிலீஷில் இன்னும் வேண்டும் என்கிறான் என்று புரியாமல் நான் மோர் ஊற்றிப் பிசைந்து சுட்டு அனுப்பினேன். அதுதான் முன்னதைவிட ருசி என்றானாம். அந்தப் பாலைவனச் சண்டை முடிந்ததிலிருந்து நீ அவன் பேரையே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

லீவு கிடைத்தால் வந்துவிடு, இங்கே யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டோம். குளிருக்குக் காதை மூடிக்கொள். மீனாட்சியம்மன் உன்கூடவே இருப்பாள், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு மாவு தயார், உனக்கு எப்போதும்போல் சுட்டு அனுப்புகிறேன். இன்னொரு பங்குக்கு மோர் ஊற்றிப் பிசையட்டுமா வேண்டாமா, அதை மட்டும் எழுது.

உன் அம்மா,
ராமாத்தாள்