வெள்ளிக்காசில் ஒரு முகம்

மண்ணரை,
ஐப்பசி, 2006

மதினிக்கு,

ஊர்ல மழை உண்டா? இங்கே கம்பெனி வெள்ளி விழா முடிஞ்சுது. தீபாவளி போனஸோட எல்லாருக்கும் ஒரு வெள்ளிக்காசு கொடுத்தாங்க. அதுல என் மகன் முனீஸ் முகம்.

குடோன்ல தீப்பிடிச்சப்ப உள்ளே போய் ஆளுங்களைக் காப்பாத்தினது அவன்னு பேப்பர்ல போட்டாங்கல்ல, அதை நம்பித்தான் செஞ்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில உயிர் போறதுக்கு முன்னாடி அவன் என்கிட்ட சொன்னது வேற. "என்னை வெளியே இழுத்துப் போட்டுட்டு அனுசுயாதான்மா திரும்ப உள்ளே போனா."

பேப்பர்காரர்கிட்டப் போய்ச் சொன்னேன். உங்க மக அனுசுயாவோட போட்டோ அன்னிக்குக் கிடைக்கலைன்னார், மதினி. முதலாளிகிட்டயும் சொன்னேன். "காசு அடிச்சாச்சுங்கம்மா, இனி என்னங்க பண்றது"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

என் மகனை நெத்தியில ஒத்தை ரூபாய் வச்சுத்தான் அனுப்பினேன். உங்க மகளுக்கு முகத்தை மூடின துணியை விலக்கவே விடலை. நீங்க கையில காசோட நின்னீங்க.

எனக்குக் கொடுத்த வெள்ளிக்காசை இதோட அனுப்புறேன். அனுசுயா படத்துக்கு முன்னாடி வைங்க. முகம் இருக்கிற பக்கம் கீழே இருக்கட்டும். இங்கே அப்படிக் கவுத்து வச்சா, நான் போய்ப் போய்த் திருப்பி வச்சிடுறேன்.

இப்படிக்கு,
அவனைப் பெத்தவ